சேற்று மலைப்பாதையில் குழுவாக அருவிக்கு: முதல்முறை பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் "அருவிக்குப் போகலாமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பத்துப் பேர் உடனே கை தூக்குவார்கள். அனுமதி வாங்குவது, பணம் வசூலிப்பது, ஆட்களைப் பத்திரமாகக் கூட்டிவருவது எல்லாம் ஒருவர் தலையில் வந்து விழும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். அலுவலகங்களுக்கு அலைந்தும், சேற்றில் ஆட்களைத் தேற்றி நடத்தியும் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் குழுவின் கடைசி ஆள் சாலைக்கு வந்தாக வேண்டும். ஆவணம், செலவு, பை, நடை எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

1. தேதி குறிக்கும் முன் பாதையை விசாரியுங்கள்

எல்லோருக்கும் விடுமுறை ஒத்துவரும் நாளைத் தேடிப்பிடித்து, அதன் பிறகு பாதையைப் பற்றி யோசிப்பதுதான் பொதுவான வழக்கம். அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: ஒரு வழித் தூரம் எவ்வளவு, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், எத்தனை இடத்தில் ஓடையைத் தாண்ட வேண்டும், வண்டி எதுவரை போகும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மழையில் மண்சாலை குழைந்துவிட்டால் வண்டி வழக்கமான இடத்துக்கு வெகு முன்பாகவே நின்றுவிடும். அந்தத் தூரமும் போக வர இரண்டு முறை உங்கள் காலில்தான் விழும்.

இணையத்தில் "சுலபமான பாதை" என்று எழுதியிருந்தால், அது எந்த மாதத்தில் போனவர் எழுதியது என்று பாருங்கள். காய்ந்த மாதத்தில் செருப்புக் காலோடு தாண்டிய ஓடை, மழை மாதத்தில் இடுப்பளவு ஓடும். கடந்த ஒரு வாரத்துக்குள் போய்வந்தவரிடமோ, அந்தப் பகுதியிலேயே இருக்கும் வழிகாட்டியிடமோ இரண்டு நிமிடம் பேசினால் போதும், பத்துப் பதிவு படித்ததைவிட உருப்படியான தகவல் கிடைக்கும்.

எப்போது போவது? கனமழை கொட்டும் வாரங்களில் அருவி பெருக்கெடுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது பல பாதைகளை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் புதியவர்கள் போகக் கூடாது. மழை தணிந்து ஓரிரு வாரம் ஆன பிறகு தண்ணீரும் இருக்கும், மண்ணும் கொஞ்சம் இறுகியிருக்கும். முதல் பயணத்துக்கு அந்த இடைவெளியைப் பிடியுங்கள்.

2. அனுமதியும் ஆவணங்களும்

காட்டுக்குள் இருக்கும் அருவி பெரும்பாலும் ஏதாவது ஒரு நிர்வாகத்தின் கீழ் இருக்கும்: வனத்துறை, தேசியப் பூங்கா, உள்ளாட்சி, சில இடங்களில் தனியார் தோட்டம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாதை ஒருவர் கையிலும் அருவி இன்னொருவர் கையிலும் இருக்கலாம். "அருவிக்கு அனுமதி வேண்டுமா?" என்று மட்டும் கேட்டால் "வேண்டாம்" என்று பதில் வரும். நடுவில் இருக்கும் தோட்டத்துக் கதவில் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரியும். அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவி வரைக்கும் எங்கெங்கே, யார் யாருடைய அனுமதி வேண்டும்?"

அதோடு கேட்க வேண்டியவை: ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுவார்கள், வழிகாட்டி கட்டாயமா, உள்ளே போகக் கடைசி நேரம் எது, வெளியே வரக் கடைசி நேரம் எது, குளிக்க அனுமதி உண்டா, மழையால் பாதையை மூடினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா அல்லது வேறு தேதி தருவார்களா. ட்ரோன் பறக்கவிட நினைத்தால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படும். வார இறுதி நாட்களுக்கான இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்று நான்கு வாரம் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு முறை தொலைபேசியில் அழைத்துப் பாதை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கையில் சீட்டு இருந்தாலும் மழை பெய்தால் மூடிவிடுவார்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்:

- அனுமதிச் சீட்டு, அச்செடுத்த இரண்டு பிரதிகள். மலையில் சிக்னல் இருக்காது, கைபேசியைத் திறந்து காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.
- எல்லோருடைய அடையாள அட்டை. பெரும்பாலும் அசலைக் கேட்பார்கள்.
- பெயர்ப் பட்டியல். பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து.
- பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம்.
- காப்பீடு இருந்தால் அதன் எண்ணும் அழைப்பு எண்ணும்.

பெயர்ப் பட்டியலில் ரொம்பவே கவனமாக இருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த கூப்பிடு பெயரில் பதிவாகியிருந்தார். அட்டையில் இருந்தது நீளமான முழுப்பெயர். சாவடிக் காவலர் பட்டியலையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அலுவலகத்தில் கேட்டுவர ஆள் அனுப்பினார். பதில் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அருவியடியில் உட்காருவதற்கென்று ஒதுக்கியிருந்த நேரம் முழுக்கச் சாவடி பெஞ்சிலேயே கரைந்தது. அதிலிருந்து அடையாள அட்டையின் படத்தை வாங்கி, எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்துத்தான் பட்டியலில் ஏற்றுகிறேன்.

காப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றத்தைச் சாகச நடவடிக்கை என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், அல்லது குறிப்பிட்ட உயரம் வரைதான் ஏற்பார்கள். மீட்புச் செலவு சேருமா என்பதையும் விதிவிலக்குகள் பக்கத்தில் தேடிப் படியுங்கள்.

3. பணக்கணக்கு

செலவை இரண்டாகப் பிரித்தால் தலைவலி பாதி குறையும். ஆள் எத்தனை என்றாலும் மாறாத செலவு ஒன்று: வண்டி வாடகை, ஓட்டுநர் படி, வண்டி நிறுத்தும் கட்டணம், வழிகாட்டி கூலி. ஆளுக்கு ஆள் கூடும் செலவு இன்னொன்று: நுழைவுக் கட்டணம், சாப்பாடு, காப்பீடு.

பொதுச் செலவைப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள் என்று பன்னிரண்டால் வகுக்காதீர்கள். பத்தால் வகுங்கள். எந்தக் குழுவிலும் கடைசி இரண்டு நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்கு அலுவலக வேலை வரும். பன்னிரண்டு பேரும் வந்துவிட்டால் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயணத்துக்கு முந்தைய இரவு "இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று கேட்பதுதான் கஷ்டம்.

விலகுகிறவர் பொதுச் செலவில் தன் பங்கைத் தர வேண்டும், ஆளுக்கான செலவில் திரும்பக் கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளலாம். இதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நட்புக்குள் கசப்பு வரும். முன்பணம் வராத பெயரை அனுமதி விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டாம்.

கண்ணில் படாத செலவுகள் சில உண்டு. வண்டி காத்திருக்கும் கட்டணம், சேறு பூசிய இருக்கைகளுக்காகக் கேட்கும் கழுவு கூலி, கேமராக் கட்டணம், பிளாஸ்டிக்குக்குக் கட்ட வேண்டிய வைப்புத்தொகை. மொத்தத்தில் 15 சதவீதம் அவசர இருப்பாகத் தனியே வையுங்கள். அதை ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக, நீர் புகாத உறையில் வைத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசிப் பணம் உதவாது.

வழிகாட்டிக்குக் கொடுப்பதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பாதை தெரியும் என்பதற்காக மட்டும் அவருக்குக் கூலி இல்லை. அந்த ஓடை நேற்று எவ்வளவு ஓடியது, இன்று எவ்வளவு ஓடுகிறது என்ற ஒப்பீடு அவர் கண்ணில்தான் இருக்கிறது.

4. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மலை நடைக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது திடமான காலும் நல்ல பாதையும் உள்ள ஒருவருக்கு, ஓய்வைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. சேற்றில், குழுவாக, புதியவர்களோடு போகும்போது வருகிற விடையை இரண்டால் பெருக்குங்கள்.

உதாரணமாக, ஒரு வழி 5 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி ஒன்றரை மணி நேரம். உங்கள் குழுவுக்கு மூன்று மணி நேரம். இறங்கும்போது சீக்கிரம் வந்துவிடலாம் என்பது காய்ந்த மலைக்குச் சரி. சேற்றில் வழுக்குவது அதிகமும் இறக்கத்தில்தான், அதுவும் கால் களைத்த பிறகு. திரும்பவும் மூன்று மணி நேரம் என்றே வையுங்கள்.

இப்போது பின்னாலிருந்து வருவோம். சூரியன் ஆறேகாலுக்கு மறைகிறது என்றால், அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஐந்தே முக்காலுக்கே கண் தெரியாமல் போகும். யாருக்காவது கணுக்கால் பிசகினால் சமாளிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வேண்டும். ஆக நாலரைக்குச் சாலையில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்றரைக்கு அருவியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் இருக்க ஆசைப்பட்டால் பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒன்பதரைக்காவது நடக்கத் தொடங்க வேண்டும். ஏழரைக்கே தொடங்குவதாகத் திட்டமிடுங்கள். சாவடி, கழிப்பறை, "என் ஷூ லேஸ் அறுந்துவிட்டது" எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மலைகளில் பிற்பகலில்தான் இடிமழை அதிகம் என்பதும் காலையிலேயே தொடங்குவதற்கு இன்னொரு காரணம்.

இந்தக் கணக்கில் பிற்பகல் ஒன்றரை மணி என்பது திரும்பும் நேரம். அருவியின் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருந்தாலும், இன்னும் பத்தே நிமிடம் என்று யார் சொன்னாலும், ஒன்றரைக்குக் குழு திரும்பும். இதைக் கிளம்பும் முன்பே எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொல்லுங்கள். "அண்ணா, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்ற குரல் நிச்சயம் எழும். முன்பே ஒத்துக்கொண்ட நேரம் இருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் அது வாக்குவாதமாகி, அந்த வாக்குவாதமே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

5. யாரைச் சேர்ப்பது, எப்படி நடத்துவது

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை கையாளலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர் வையுங்கள். "உங்களால் நடக்க முடியுமா?" என்று கேட்டால் எல்லோரும் முடியும் என்பார்கள். "கடந்த ஒரு மாதத்தில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நடந்தீர்களா?" என்று கேளுங்கள். முழங்கால் வலி, மூச்சிரைப்பு, வலிப்பு, சர்க்கரை போன்றவற்றைத் தனியாகப் பேசிக் கேளுங்கள். பொதுக் குழுவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முன்னால் பாதை தெரிந்தவர், பின்னால் நிதானமான ஒருவர். பின்னால் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் ஓடக் கூடாது. மெதுவாக நடப்பவரை முன்னால் போகிறவருக்கு அடுத்து நிறுத்துங்கள். அவரைக் கடைசியில் விட்டால் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிக் காத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். பாதை பிரியும் இடத்திலும், ஓடை தாண்டியதும், ஓய்வு முடிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தலையை எண்ணுவதைவிட இது வேகம், தப்பும் வராது.

உடன் வராத ஒருவரிடம் பாதை விவரம், வண்டி எண், பெயர்ப் பட்டியல், "இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லு" என்ற குறிப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

6. காலுக்கு என்ன, பைக்குள் என்ன

ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் ஆழமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு நடுவில் அடைத்துக்கொண்டு அடிப்பாகமே மொழுமொழுவென்று ஆகிவிடும். ஓட்டப் பயிற்சிக்கான தட்டை ஷூவும் செருப்பும் வேண்டவே வேண்டாம். புது ஷூவை முதல்முறையாக மலைக்குப் போட்டுவராதீர்கள். ஒரு வாரமாவது போட்டு நடந்து பழக்க வேண்டும்.

அதைவிட மோசமான பொறி, அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பழைய மலையேற்ற ஷூ. வெளியே புதிது போலவே இருக்கும். ஆனால் பல ஷூக்களின் நடு அட்டை, அதாவது பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அடுக்கு, பாலியூரித்தேன் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். காற்றின் ஈரத்திலேயே அது உள்ளுக்குள் உளுத்துப்போகும். சேறு அடிப்பாகத்தைக் கவ்வி இழுக்கும்போது, பாதி வழியில் மொத்த அடியும் கழன்று சேற்றிலேயே நின்றுவிடும். கிளம்பும் முன் கட்டை விரலால் நடு அட்டையை அழுத்திப் பாருங்கள், ஷூவை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். குழுவுக்கு ஒரு சுருள் பலமான டேப்பும் மெல்லிய கயிறும் கொண்டுபோனால் கழன்ற அடியைக் கட்டி ஊர் வந்து சேரலாம்.

பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைக்கும், கொப்புளம் வரும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. ஒரு ஜோடி காய்ந்த காலுறையை நீர் புகாத உறையில் போட்டு, திரும்பும்போது மாற்றிக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.

பையில்: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அள்ளிச் சாப்பிடக்கூடிய உணவு, மழைக்கோட்டு (குடை பயன்படாது, ஒரு கை போய்விடும்), தலையில் மாட்டும் விளக்கு, விசில், ஒரு மாற்றுச் சட்டை. பைக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்ப முடியாது. குழுவுக்குப் பொதுவாக முதலுதவிப் பெட்டி, உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பவர் பேங்க், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்த இரண்டு கைபேசிகள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். அந்த இரண்டு கைபேசிகளையும் விமான நிலையில் (flight mode) போட்டு வையுங்கள். வரைபடம் அப்போதும் இடத்தைக் காட்டும்.

கைத்தடி ஒன்றாவது எல்லோரிடமும் இருக்கட்டும். சேற்றில் அது மூன்றாவது கால்.

7. சேற்றில் கால் வைப்பது

நீளமாக எட்டு வைத்தால் உடம்பின் பாரம் முன்காலுக்கு வரும் முன்பே அது வழுக்கிவிடும். சின்ன எட்டு, முழங்கால் சற்று மடிந்து, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இறக்கத்தில் பின்னால் சாய்வது எல்லோருக்கும் இயல்பாக வரும். அப்படிச் சாய்ந்தால்தான் கால் முன்னால் பறக்கும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி லேசாக முன்னே குனிந்து இறங்குங்கள். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம். உட்கார்ந்து நகர்வதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குறுக்கே கிடக்கும் ஈரமான வேரின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பட்டை உரிந்த ஈர மரமும், பச்சைப் பாசி படர்ந்த பாறையும் சேற்றைவிட மோசம். பிடிப்பதற்குக் கையில் அகப்பட்ட செடியை இழுக்கும் முன் அதில் முள் இருக்கிறதா, வேர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் போகிறவரோடு இரண்டு மூன்று எட்டு இடைவெளி விடுங்கள்; ஒருவர் விழுந்தால் இன்னொருவரையும் சேர்த்து இழுக்காமல் இருக்கும்.

பாதையின் நடுவே சேறு என்று ஓரமாகச் சுற்றிப் போக எல்லோரும் நினைப்பார்கள். ஓரம்தான் சரியும் இடம். தவிர, ஒவ்வொரு குழுவும் ஓரத்தை மிதித்து மிதித்துப் பாதை அகலமாகிச் செடிகள் அழிகின்றன. தடியால் ஆழம் பார்த்துவிட்டு நடுவிலேயே நடங்கள். ஷூ எப்படியும் சேறாகத்தான் போகிறது.

அட்டை கடித்தால் பிய்த்து எறியாதீர்கள். உப்பு, நெருப்பு, புகையிலை எதுவும் வேண்டாம். துன்புறுத்தினால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். மெலிந்த முனை எதுவோ அதன் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு மறுமுனையையும் அப்படியே தள்ளுங்கள். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும்.

8. ஓடையைத் தாண்டுவதா, திரும்புவதா

வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் புதியவர்கள் உள்ள குழு தாண்டக் கூடாது. தண்ணீரின் நிறம் கலங்கி அடி தெரியாமல் இருந்தாலும் அப்படித்தான். குச்சியை வீசிப் பாருங்கள். நீங்கள் கரையில் வேகமாக நடந்தும் அதை எட்ட முடியவில்லை என்றால் திரும்புங்கள்.

தாண்டலாம் என்று முடிவானால் ஆற்றின் அகலமான இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் ஆழமும் வேகமும் குறைவாக இருக்கும். நீர் போகும் கீழ்ப்பக்கத்தில் அருவியோ பாறை இடுக்கோ விழுந்த மரமோ இருக்கும் இடம் கூடாது. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். ஷூவைக் கழற்ற வேண்டாம். நீர் வரும் திசையைப் பார்த்து, தடியை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். இரண்டு மூன்று பேர் தோள் கோத்துக்கொண்டும் போகலாம், பலமானவர் நீர் வரும் மேல்பக்கம் நிற்கட்டும். யார் இடுப்பிலும் கயிற்றைக் கட்டாதீர்கள். விழுந்தவரைக் கயிறே தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

போகும்போது தாண்டிய ஓடையைத் திரும்பும்போதும் தாண்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். போகும்போதே நீர்மட்டம் தொடும் பாறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்தப் பாறை மூழ்கியிருந்தால் மேட்டில் ஏறிக் காத்திருங்கள். மழை நின்றால் சிறிய மலை ஓடைகள் சில மணி நேரத்தில் வடியும். இரவு தங்க நேர்ந்தாலும் காத்திருப்பதுதான் சரி.

9. அருவியடியில்

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மேலே எங்கோ மழை பெய்து வெள்ளம் இறங்கலாம். அருவியின் சத்தம் திடீரென்று கனமாவது, தெளிந்த நீர் பழுப்பாவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, கரையோரக் கல் மூழ்குவது: இதில் ஒன்றைக் கண்டாலும் எல்லோரையும் உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள். பையை எடுக்க ஓடவிடாதீர்கள். ஒருவரை இதற்காகவே, தண்ணீரில் இறங்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம்.

அருவி நேராக விழும் இடத்தில் நிற்கக் கூடாது. நீரோடு கல்லும் கட்டையும் வரும். கீழே உள்ள குளத்தில் வெள்ளை நுரையாகக் கொதிக்கும் இடத்தில் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருப்பதால் உடம்பு மிதக்காது. நீந்தத் தெரிந்தவரும் அங்கே அமிழ்ந்துபோவார். தலைகுப்புறக் குதிப்பதை ஒருவருக்கும் அனுமதிக்காதீர்கள். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் பாறை உருண்டு வந்து கிடக்கலாம்.

அருவியின் உச்சிக்குப் போய்ப் படம் எடுக்கும் ஆசைக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். விளிம்பில் உள்ள பாறை எப்போதும் ஈரமாகவும் பாசி பிடித்தும் இருக்கும். அங்கே வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. உச்சிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பதை அருவியைக் கண்ட பிறகு சொன்னால் காதில் ஏறாது. காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

இடி கேட்டால், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். தனித்து நிற்கும் மரத்தடி வேண்டாம்.

10. அடிபட்டால், வழி தவறினால்

கணுக்கால் பிசகுவதுதான் அதிகம் நடக்கும். ஷூவைக் கழற்றினால் வீங்கித் திரும்ப மாட்ட முடியாமல் போகலாம். நடந்தே வெளியேற வேண்டியிருந்தால் ஷூவோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, இருவர் தாங்கலில் இறக்குங்கள். எலும்பு முறிவு என்று சந்தேகம் இருந்தால் தடியை வைத்து அசையாமல் கட்டி, ஆளை அங்கேயே வைத்து உதவிக்கு ஆள் அனுப்புங்கள். போகிறவர் தனியாகப் போகக் கூடாது. இருவராக, இடத்தின் ஆயத்தொலைவை (வரைபடம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.

நனைந்த உடம்பில் காற்று அடித்தால் கடும் குளிர் இல்லாத மலையிலும் உடல் வெப்பம் இறங்கும். ஒருவர் நடுங்கிக்கொண்டு, வார்த்தை குழறி, தடுமாறி நடந்தால் களைப்பு என்று விடாதீர்கள். ஈரத் துணியை மாற்றி, தலையை மூடி, இனிப்பு கொடுத்து, இருபுறமும் ஆள் உட்கார்ந்து சூடு கொடுங்கள்.

வழி தவறியதாகத் தோன்றினால் நில்லுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அருவி விளிம்பிலும் செங்குத்துப் பாறையிலும் போய்ச் சிக்குகிறார்கள். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். விசிலில் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை ஒலி வரும்.

11. கீழே வந்ததும்

சாவடியில் வெளியேறும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டி ஏறாதீர்கள். விட்டுவிட்டால் உங்களைத் தேடிக் காட்டுக்குள் ஆள் போக நேரும். காத்திருப்பவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும் முன் ஷூவையும் மேல் துணியையும் மாற்ற ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வைத்திருந்தால் கழுவு கூலி மிச்சம். வீட்டில் ஷூவைக் கழுவி, உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவையுங்கள். கணக்கை இரண்டு நாளுக்குள் ரசீதுகளோடு குழுவில் போட்டு மீதியைத் திருப்பிவிடுங்கள்.

குழுவில் எல்லோருக்கும் இன்னொரு செய்தியும் அனுப்புங்கள். சேற்று நீரில் காயத்தோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். அது உடனே தெரியாது, பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அடுத்த நான்கு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும், குறிப்பாகக் கெண்டைக்கால் தசைவலியும் வந்தால், மருத்துவரிடம் "நான் இந்தத் தேதியில் காட்டுச் சேற்றிலும் ஓடையிலும் நடந்தேன்" என்று அவர் கேட்காவிட்டாலும் தாமாகச் சொல்ல வேண்டும்.